பலர் ஏறும் வள்ளத்தை யார் பேணுவது?

ஒரு வள்ளம் பலருக்குச் சொந்தமாக இருக்கும்போது, அல்லது ஒருவரின் வள்ளத்தைப் பலர் மாறிமாறி ஓட்டும்போது, அதைப் பேணும் பொறுப்பு யாரைச் சேரும்? ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாக இக்கேள்விக்குப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. மெய்யியலாளர் ஒரு விதமாகவும் சட்ட நூலோர் வேறு விதமாகவும் பதில் தந்தனர். கூட்டுறவு இயக்கமும் பாய்மரக் கழகங்களும் தம் அனுபவத்திலிருந்து மேலும் சில பதில்களைச் சேர்த்தன. ஆனாலும் கடற்கரைகளில் உரியவரின்றி வெயிலில் வெடித்துக் கிடக்கும் பொதுப் படகுகள் குறையவில்லை.

இப்பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தளம் மாவட்டக் கரை நல்ல இடம். தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்து வரை நீளும் இக்கரையில் சிலாபத்துக் கத்தோலிக்கச் சிங்களவர், உடப்பின் தமிழ் இந்துக்கள், கற்பிட்டியிலும் புத்தளத்திலும் வாழும் முஸ்லிம்கள் என மூன்று சமூகத்தினர் கடலை நம்பி வாழ்கிறார்கள். களப்புக்குள் பாயும் துடுப்பும் கொண்டு ஓடும் சிறு வள்ளங்கள், பலரின் உழைப்பைக் கோரும் கரைவலைத் தோணிகள், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள், கற்பிட்டியில் ஓங்கில் பார்க்க வருவோரை ஏற்றிச் செல்லும் உல்லாசப் படகுகள் என எல்லா வகைக் கலங்களும் இங்கே உண்டு. இவற்றில் ஒரே ஒருவரின் கை மட்டும் படும் கலம் அரிது.

பாய் இங்கே பழம்பெருமைக்குரிய பொருள் மட்டுமல்ல என்பதை 2022 ஆகஸ்ட் மாதம் நினைவூட்டியது. அம்மாதம் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எரிபொருள் இல்லாமலும் ஓடக்கூடிய கலம் ஒன்று கரையில் நல்ல நிலையில் இருப்பது சோற்றுப் பிரச்சினையாக மாறக்கூடும் என்பதை அந்த விலை உணர்த்தியது.

வள்ளம் எதனால் கெடுகிறது

உரிமை பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இந்த எளிய கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. வள்ளம் கெடும் விதத்தைப் பார்த்தால் பேணல் என்பது ஒரே வேலை அல்ல என்பது தெரியும்.

முதலாவது அன்றாடப் பேணல். கடல் நீர் காய்ந்ததும் எஞ்சும் உப்புத் துகள்கள் கயிற்றின் இழைகளையும் கப்பிகளையும் அராவுகின்றன. வேறுபட்ட இரு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அரிப்பு விரைவாகிறது. பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். பொலியெஸ்டர் பாய் ஈரத்தைத் தாங்கும். ஆனால் வெயிலில் விரித்தபடியே விட்டால் புற ஊதாக் கதிர் அதன் வலுவைத் தின்றுவிடும். பைபர் படகின் அடித்தக்கையைக் கழற்றி உள்ளே தேங்கிய நீரை வடிக்காவிட்டால், பின்பலகைக்குள் வைத்த மரம் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். இவை எல்லாம் கரையேறிய உடனே, களைப்போடு இருக்கும்போது, அரைமணி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலைகள். கட்டுமரக்காரரின் பழைய வழக்கம் இதற்குச் சிறந்த சான்று: ஒவ்வொரு முறையும் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவைப்பார்கள். நீர் ஊறிய மரம் கனத்து மிதக்கும் திறனை இழக்கும் என்பதே காரணம்.

இரண்டாவது பருவப் பேணல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் வெளிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்காலத்தில் இக்கரைத் தொழிலாளர் பலர் தம் கரையோரத் தங்குமிடமான வாடியைப் பெயர்த்து முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குச் செல்வது நீண்ட கால வழக்கம். இங்கே விட்டுச் செல்லும் கலங்களை உயரமாக இழுத்து, கிடுகால் மூடி, கலப்பற்றுப் பார்த்து, எண்ணெய் பூச வேண்டும். சிங்களத்தில் ஒருவ எனப்படும் பக்கமிதவை வள்ளங்களின் பலகைகள் ஆணியின்றித் தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. தையல் தளர்ந்தால் அவிழ்த்து மீண்டும் தைக்கத் தெரிந்த கை வேண்டும். முத்துக் குளிப்பு ஆய்வுக்காக இலங்கை வந்து, பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1943இல் இலங்கைக் கலங்கள் பற்றி எழுதினார். தையல் கலங்களை அறிய விரும்புவோர் இன்றும் அவரிடம்தான் முதலில் செல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நீண்ட காலப் பேணல். பாய் இற்றதும் புதுப் பாய், இயந்திரம் தேய்ந்ததும் வேறு இயந்திரம், இறுதியில் வேறு வள்ளம். இது கை வேலை அல்ல. பல ஆண்டுகள் சேர்க்க வேண்டிய பணம்.

கற்பிட்டியில் இந்த மூன்றும் இன்னும் கடினமாகின்றன. வறண்ட காற்றும் கடும் வெயிலும் புத்தளத்தை நாட்டின் முக்கிய உப்பு விளையும் பகுதிகளில் ஒன்றாக்கின. அதே காற்றும் வெயிலும்தான் படகுகள் மேல் உப்பைப் படியவைக்கின்றன. நன்னீரால் கழுவுவது என்ற அடிப்படை விதிகூட இங்கே செலவுள்ளது. ஏனெனில் குடாநாட்டின் நன்னீர், மணலுக்கடியில் மழையால் ஊறும் மெல்லிய படுகையாக மட்டுமே கிடைக்கிறது. விவசாயமும் வீடுகளும் அதையே நம்பியிருக்கின்றன.

கீழே வரும் ஒவ்வொரு பதிலும் இம்மூன்றில் ஏதாவது ஒன்றை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்றுக்குப் பொருந்தும் பதிலை மற்ற இரண்டுக்கும் நீட்டும்போதுதான் படகு கெடுகிறது.

உரியவர் கண் பட்டால் போதும் என்போர்

மிகப் பலருக்குப் பொதுவானது மிகக் குறைந்த கவனிப்பையே பெறுகிறது என்பது அரிஸ்டாட்டில் தமது ‘அரசியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் முன்வைத்த கருத்து. ஒவ்வொருவரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள் என்று அவர் காரணமும் சொன்னார். 1954இல் ஸ்கொட் கோர்டன் மீன்பிடியின் பொருளியல் பற்றி எழுதிய கட்டுரையும், 1968இல் கரெட் ஹார்டின் பொதுமேய்ச்சல் நிலத்தின் அவலம் பற்றி எழுதிய கட்டுரையும் இக்கருத்துக்கு நவீன வடிவம் தந்தன. ஒருவருக்கு உரிமையாக்கிவிடு, அவர் பேணுவார் என்பது இவற்றிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு.

புத்தளக் கரையில் இதன் வடிவம் சம்மாட்டி முறை. தோணியும் வலையும் சம்மாட்டியுடையவை. இழுப்பவர்கள் கூலிக்கோ பங்குக்கோ வருபவர்கள். உடப்பின் கரைவலைத் தொழில் இம்முறையில்தான் தலைமுறைகளாக நடந்து வந்தது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களுக்கு அவ்வூர் பெயர்பெற்றது. பருவப் பேணலிலும் நீண்ட காலப் பேணலிலும் சம்மாட்டிக்கு உண்மையான வலிமை உண்டு. புதுப் பாய்க்கும் புது வலைக்கும் பணம் புரட்டக்கூடியவர் அவர் ஒருவரே. தோணி போனால் அவர் முதல் போய்விடும்.

ஆனால் அன்றாடப் பேணல் உரியவரின் கையில் இல்லை. கரையேறிய வள்ளத்தின் தக்கையைக் கழற்றுபவர் சம்மாட்டி அல்ல. முற்பணம் வாங்கிக் கடனில் கட்டுண்ட தொழிலாளி, தனக்குச் சொந்தமில்லாத வள்ளத்தைத் தன் உயிருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு மட்டும் பார்த்துக்கொள்வதைக் குறைசொல்ல முடியாது. பலகை ஓட்டையானால் அவன் அடைப்பான். பாய் வெயிலில் கிடந்தால் அவனுக்கு நட்டமில்லை.

இந்த அணியின் இன்னொரு குறை ஆழமானது. கோர்டனும் ஹார்டினும் பேசியது மிகைப்பயன்பாட்டைப் பற்றி. கடலையோ மேய்ச்சல் நிலத்தையோ சிறிது காலம் விட்டுவைத்தால் அது தானே தேறிவிடும். வள்ளத்தை விட்டுவைத்தால் அது மேலும் கெடும். யாரும் தொடாத வள்ளமே மிக விரைவில் அழியும் வள்ளம். ஆகவே பொது வளம் பற்றிய வாதத்தைப் பொதுக் கருவிக்கு அப்படியே பொருத்துவது தவறான திசையில் இட்டுச் செல்லக்கூடும்.

ஒருவரைப் பொறுப்பாக்கு என்போர்

இரண்டாவது அணி உரிமையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, பெயரைக் கேட்கிறது. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் நாவத்யக்ஷன் என்ற படகுக் கண்காணிப்பாளரின் கடமைகள் சொல்லப்படுகின்றன. ஆள் குறைவாலோ, கருவிகள் இல்லாமையாலோ, பழுதுபார்க்காமையாலோ படகு அழிந்தால் இழப்பை அந்த அதிகாரியே ஈடுசெய்ய வேண்டும் என்பது அங்குள்ள விதி. அரசுச் சொத்தின் பேணலை ஓர் அதிகாரியின் சொந்தப் பணத்தோடு பிணைத்த மிகப் பழைய விதிகளில் ஒன்றாக இதைக் கொள்ளலாம். அரிஸ்டாட்டில் சுட்டிக்காட்டிய சிக்கலை உரிமையை மாற்றாமலேயே தீர்க்கலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

பிரித்தானியச் சட்டம் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தது. 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் ஒரு கப்பலின் உரிமையை 64 பங்குகளாகப் பிரித்தது. இத்தனை உரிமையாளர் கூடி ஒரு கயிறு வாங்கும் முடிவைக்கூட எடுக்க முடியாது என்பதால், கப்பலைப் பழுதுபார்ப்பது, பொருத்துவது, ஆள் அமர்த்துவது ஆகியவற்றை ஒரு நிர்வாக உரிமையாளரிடம் ஒப்படைப்பது அங்கே வழக்கமானது. நம் தோணிகளில் தோணித் தலைவரான தண்டையலின் இடமும் ஏறத்தாழ இதுவே. சுக்கானைப் பிடிப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. பருமல், பாய், ஆஞ்சான் கயிறு, நங்கூரம் எல்லாம் அவர் கணக்கில் இருந்தன.

அன்றாடப் பேணலுக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடைக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. பலவீனம் எங்கே? பொறுப்பு இருக்கிறது; அதற்கான பணமும் அதிகாரமும் தரப்படுவதில்லை. சங்கப் படகுக்குப் பொறுப்பாளர் நியமிக்கப்படுகிறார். ஒரு லீற்றர் பூச்சு வாங்கக் கூட்டம் கூட வேண்டும். அப்போது பொறுப்பு பழி சுமக்கும் இடமாகிவிடும். அடுத்த ஆண்டு அப்பதவிக்கு யாரும் முன்வர மாட்டார்கள்.

வள்ளத்துக்கே ஒரு பங்கு

மூன்றாவது பதில் எழுதிவைக்கப்பட்ட சட்டத்திலிருந்து அல்ல, கரையின் வழக்கத்திலிருந்து வந்தது. எனினும் இதில் இருக்கும் நுட்பம் பெரிது. வருமானத்திலிருந்து செலவைக் கழித்த பின் ஆளுக்கு மட்டுமன்றி வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு வைப்பது தென்னாசியக் கரைகள் பலவற்றில் உள்ள வழக்கம். வள்ளப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிக்கப்படும். இயந்திரம் வந்த பிறகு அதற்கும் ஒரு பங்கு சேர்ந்தது. வள்ளம் பேசாத பங்காளியாக இருந்து தன் பராமரிப்புக்கான பணத்தைத் தானே உழைத்துப் பெறுகிறது என்பதே இதன் உள்ளுறை.

இஸ்லாமியச் சட்டமும் இவ்விடயத்தில் தெளிவாகப் பேசுகிறது. புத்தளத்தில் அது பொருத்தமற்ற தகவல் அல்ல. 1869க்கும் 1876க்கும் இடையில் உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தொகை, கூட்டுச் சொத்துக்குப் பழுதுபார்ப்புத் தேவையானால் பங்காளிகள் தத்தம் பங்கின் விகிதப்படி சேர்ந்து அதைச் செய்ய வேண்டும் என்கிறது. பிரிக்க முடியாத பொருளின் பயனைக் கால முறைவைத்து மாறிமாறி அனுபவிக்கும் ஏற்பாட்டையும் அது அங்கீகரிக்கிறது. இன்று கழகங்களில் முறைப்பட்டியல் போட்டுப் படகு தருவதன் சட்ட வடிவத்தை அங்கேயே காணலாம்.

இப்பதிலின் பலவீனங்கள் இரண்டு. வள்ளப் பங்கு உரிமையாளரின் கைக்குத்தான் போகிறது. அது வள்ளத்துக்கே செலவாகும் என்பதற்கு உறுதி இல்லை. பிள்ளையின் கலியாணத்துக்கும் போகலாம், வீட்டுக் கூரைக்கும் போகலாம். பிடிபாடு குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. இரண்டாவது, பங்கு பிரிந்துகொண்டே போகும் இயல்புடையது. தெற்குக் கரையின் மாவெல்லக் கிராமத்தில் போல் அலெக்சாண்டர் மேற்கொண்ட ஆய்வு 1982இல் நூலாக வந்தது. அங்கே கரைவலைப் பங்குகள் வழிவழியாகப் பிரிந்தன, வலைகள் பெருகின, முறைவைத்துப் போடும் ஒழுங்கு நியாயமாகவே நடந்தது. ஆனால் ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதானது. முதலீடு சும்மா கிடந்தது. பயன்பாட்டில் நியாயம் இருந்தால் போதாது என்பதற்கு மாவெல்ல கடினமான பாடம்.

அரசும் சங்கமும் தந்த படகுகள்

1958இல் தொடங்கிய இயந்திரமயமாக்கலில் இலங்கை அரசு 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் படகுகளைத் தவணைக் கடனில் வழங்கியது. 1964இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் உருவானது. படகைப் பெறுவதற்குக் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு வாயிலாயின. கடன் மீளச் செலுத்தப்படாத அளவு பெரிதாக இருந்தது. அரசியல் செல்வாக்கு வழங்கலில் நுழைந்தது. அண்டையில் கேரளத்தின் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய நோர்வே திட்டமும் ஆரம்பத்தில் மீனவர் குழுக்களுக்கே இயந்திரப் படகுகளைத் தந்தது. குழுக்கள் உடைந்தன, படகுகள் பெரும்பாலும் தனியார் கையில் சேர்ந்தன.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இதே சோதனை மிகப் பெரிய அளவில் மறுபடி நடந்தது. தமிழ்நாட்டுக் கரையில் பல தொண்டு நிறுவனங்கள் ஒரு பைபர் படகை நான்கைந்து குடும்பங்களுக்குக் கூட்டாக வழங்கின. அதுவரை கூலியாளாக இருந்தவரையும் உரிமையாளராக்குவது அதன் நல்ல நோக்கம். ஆனால் கூட்டைத் தாங்கும் விதிகள் படகோடு வரவில்லை. இயந்திரம் பழுதானால் யார் எவ்வளவு போடுவது, கடலுக்கு வராதவருக்குப் பங்கு உண்டா, ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்குக்கு என்ன விலை என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடங்களில், படகு ஒருவர் கைக்கு மாறியது அல்லது விற்கப்பட்டது. மீனவர்களுக்கு ஒற்றுமை இல்லை என்று இதை விளக்குவோர் உண்டு. அவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. அதே மனிதர்கள்தான் கோயில் திருவிழாவைக் கூட்டாக நடத்துகிறார்கள். கரைவலையில் சேர்ந்து ஒரே கயிற்றை இழுக்கிறார்கள். குறை படகைத் தந்தவர்களின் திட்டத்தில் இருந்தது: நீண்ட காலப் பேணலுக்கு ஒரு சதம்கூட ஒதுக்காமல், கலத்தை மட்டும் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகை மீனவரின் சொந்தமாக விட்டுவிட்டு, படகு கட்டும் தளத்தையும் இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறையையும் மீன் விற்பனையையும் கூட்டாக்கியது. எதைப் பொதுவாக்குவது என்ற கேள்வியை அது தலைகீழாகத் திருப்பியது. மீன் விற்ற பணத்திலிருந்தே கடனும் சேமிப்பும் கழிக்கப்பட்டன. வள்ளப் பங்கு என்ற பழைய வழக்கத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

கழகத்தின் வழி

பாய்மரக் கழகங்கள் பிழைப்புக்காக உருவானவை அல்ல. ஆயினும் பகிர்வுப் படகைப் பேணுவதில் அவற்றின் அனுபவம் நீண்டது. சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் துறைமுகத்துக்குள் இயங்குகிறது. அமெரிக்காவின் பொஸ்டனில் 1946 முதல் இயங்கும் சமூகப் படகோட்டக் கழகம், சொந்தப் படகு இல்லாதவருக்கும் குறைந்த கட்டணத்தில் பாய்விரிக்க வாய்ப்பளிக்கிறது.

இவற்றில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது பிரான்சின் கிளேனான் பள்ளி. இரண்டாம் உலகப்போரில் நாசி எதிர்ப்பில் ஈடுபட்ட பிலிப் வியான்னே, எலேன் வியான்னே இணையர் 1947இல் பிரெத்தாஞ் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவுகளில் அதை நிறுவினர். பயிற்றுநர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சமையல், துப்புரவு, படகு பேணல் எல்லாம் வந்து தங்குவோரின் பொதுக் கடமை. படகைச் சீர்செய்வது பாய்மரப் பயிற்சிக்கு வெளியே உள்ள தண்டனை வேலையல்ல, பயிற்சியின் ஒரு பகுதி என்பது அங்கே கொள்கை. கயிற்றை இணைத்துப் பின்னத் தெரியாதவர் காற்றை மட்டும் அறிந்து பயனில்லை என்று அவர்கள் கருதினர்.

கழகங்களின் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் காணப்படும் சில நடைமுறைகள் உண்டு. ஒரே வகைப் படகுகளை வைத்திருப்பதால் ஒன்றின் உதிரிப்பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும். எடுக்கும்போதும் விடும்போதும் குறிப்பேட்டில் பழுதை எழுதுவது கட்டாயம். எழுதியவரைத் தண்டிப்பதில்லை, எழுதாதவரைத்தான் கேட்பார்கள். இந்தக் கடைசி வழக்கம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பகிர்வுப் படகின் மிகப் பெரிய எதிரி மறைக்கப்பட்ட பழுது. உடைத்தவர் சொல்லாமல் போனால் அடுத்தவர் நடுக்கடலில் அதைக் கண்டுபிடிப்பார்.

இவ்வழியின் குறையையும் மறைக்கக்கூடாது. தென்னாசியக் கழகங்களில் படகைக் கழுவித் துடைத்து மூடிவைப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலைசெய்யும் படகுப் பணியாளர். உறுப்பினர்களின் கூட்டுப் பொறுப்பு என்று பேசப்படுவதன் பெரும்பகுதி அவருடைய தோளில் இருக்கிறது. கற்பிட்டியில் காற்றுப் பலகை விளையாட்டு நடத்தும் விடுதிகளிலும் உல்லாசப் படகுகளிலும் கருவியைப் பேணுபவர்கள் உள்ளூர் இளைஞர்கள். கருவியின் ஆயுள் அவர்கள் கைத்திறனில் இருக்கிறது. அத்திறனுக்கு ஏற்ற கூலியும் சான்றிதழும் அவர்களுக்குக் கிடைப்பது, கழக முறை இக்கரையில் வேரூன்றுவதற்கான முன்நிபந்தனை என்றே தோன்றுகிறது.

விதியை ஆளும் சமூகம்

எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூல், தனியுடைமையும் அரசும் மட்டுமே தீர்வு என்ற வாதத்தை உலகெங்குமுள்ள எடுத்துக்காட்டுகளால் மறுத்தது. 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பயன்படுத்துவோரே விதியை வகுப்பது, அவர்களே கண்காணிப்பது, மீறினால் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் தண்டனை, அருகிலேயே தகராறு தீர்க்கும் இடம் ஆகியவை நீடித்த அமைப்புகளில் அவர் கண்ட பண்புகள். மாவெல்லக் கரைவலையை அவர் தோல்வியுற்ற எடுத்துக்காட்டுகளில் வைத்தார். வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதியை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் ஊராரிடம் இருக்கவில்லை என்பது அவர் பார்வை.

புத்தளத்தின் தெற்கு எல்லையை அடுத்துள்ள நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலைத் தொழில் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே நான்கு சங்கங்கள் நீண்ட காலமாக வலைகட்டும் இடங்களைத் திருவுளச்சீட்டாலும் சுழற்சியாலும் பகிர்ந்துவருகின்றன; கத்தோலிக்கத் திருச்சபையோடு அவற்றுக்கு நெருங்கிய உறவு உண்டு. ஊரின் நம்பிக்கைக்குரிய நிறுவனம் ஒன்று பின்னால் நிற்கும்போது விதிக்கு வலிமை வருகிறது. உடப்பில் கோயிலுக்கும் கற்பிட்டியில் பள்ளிவாசலுக்கும் அத்தகைய இடம் இருக்கக்கூடும். ஆயினும் கவனிக்க: கட்டுவலைச் சங்கம் பகிர்வது இடத்தை, வலையும் வள்ளமும் அவரவருடையவை. ஒஸ்ட்ரம் ஆராய்ந்த வெற்றிகள் பலவற்றிலும் பொதுவாக இருந்தது வளமே தவிரக் கருவி அல்ல. அவருடைய விதிகளைப் பொதுப் படகுக்கு நீட்டுவது நியாயமான ஊகம். நிறுவப்பட்ட முடிவு அல்ல.

இன்னும் திறந்திருப்பவை

பதில்களை அவை பொருந்தும் இடத்தில் வைத்துப் பார்த்தால் முரண் குறைகிறது. அன்றாடப் பேணலுக்குப் பெயர் குறித்த ஒருவர் தேவை. பருவப் பேணலுக்குக் கூட்டாக ஒதுக்கிய நாளும் கைத்திறனும் தேவை. நீண்ட காலப் பேணலுக்குப் பங்கு பிரிக்கும் முன்னரே எடுத்துவைக்கப்படும் பணம் தேவை. அது உரிமையாளரின் பையில் அல்ல, வள்ளத்தின் பெயரிலான கணக்கில் இருக்க வேண்டும். உரிமை யாருடையது என்ற கேள்வி இவற்றுக்கு அடுத்தபடியாகவே வருகிறது. 2,300 ஆண்டு விவாதம் அந்தக் கேள்விக்குத் தந்த முதலிடம் மிகையானது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

ஆனால் தீராதவை உள்ளன. பருவத்துக்குப் பருவம் ஊரே இடம்பெயரும் கரையில், பெயர் குறித்த பொறுப்பாளர் ஆறு மாதம் முல்லைத்தீவில் இருந்தால் இங்குள்ள வள்ளத்தை யார் பார்ப்பது? கழக முறைகள் எல்லாம் நிலையாக ஓரிடத்தில் வாழ்வோரைக் கருதி எழுந்தவை. இதற்குத் தயாரான பதில் எந்த அணியிடமும் இல்லை.

தையல் தெரிந்த கை குறைந்துவருவது இரண்டாவது சிக்கல். மர வள்ளத்தை ஊருக்குள்ளேயே திருத்தலாம். பைபர் படகு ஒட்டுவதற்கு எளிது. ஆனால் முற்றிலும் கெட்டபின் அதை எரிக்கவும் முடியாது, மக்கவிடவும் முடியாது. கரையோரத்தில் கிடக்கும் பழைய பைபர் உடல்களை அகற்றுவதும் பேணலின் பகுதிதான் என்றால், அச்செலவை எந்தப் பங்கிலிருந்து எடுப்பது என்பது இதுவரை யாரும் சரிவரக் கேட்காத கேள்வி.

மூன்றாவது சட்டம் பற்றியது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மீன்பிடிக் கலங்கள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவு உரிமையாளரைச் சொல்லும்; பேணுபவரைச் சொல்லாது. கூட்டாகப் பயன்படும் கலங்களுக்குப் பொறுப்பாளரின் பெயரையும் பராமரிப்புக் கணக்கையும் பதிவோடு இணைப்பது பெரிய செலவில்லாத மாற்றம். அதனால் பயன் விளையுமா என்பதைச் சில கிராமங்களில் செய்து பார்த்தே அறிய முடியும்.

புத்தளக் கரையில் இனி ஒரு திட்டமோ கழகமோ சங்கமோ பகிர்வுப் படகு தர முன்வருமானால், கரையில் உள்ளோர் அதை வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இதைக் கழுவுபவர் யார், அவருக்குக் கூலி என்ன, ஐந்தாம் ஆண்டில் புதுப் பாய்க்குப் பணம் எங்கே இருக்கும்? எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் அப்படகை மறுப்பதே நல்லது.